வழிவிட்ட வெண்டல்

வெண்டல் ஆஸ்ட்பி பால் டேங்கர் ஓட்டுகிறவன். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மேற்குப் பக்கம் ஏற்றமும் இறக்கமுமாகப் போகும் சாலைகளில் பண்ணை பண்ணையாக நின்று பால் எடுத்து, சீஸ் ஆலையில் கொண்டுபோய் இறக்குவான். அவன் டேங்கருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. எதிரே வண்டி இல்லையென்றால் தானே ஓரத்து மண்ணில் சக்கரத்தை இறக்கி, போங்கள் என்று கையைக் காட்டிவிடுவான்.

"இந்த மனுஷன் கடையில தள்ளுவண்டி தள்ளுனாலும் இப்படித்தான்" என்பாள் அவன் மனைவி ஆர்லிஸ். "வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் வழி விட்டுட்டு, வாங்க வந்த ரொட்டிய வாங்காம வீட்டுக்கு வந்துடுவாரு."

இப்படிப்பட்டவனுக்குக் கார் பந்தயம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். எங்கள் ஊர்ப் பக்கம் பாதி வருஷம் பனி. வெயில் வந்தால் ஒருவன் மீன் பிடிப்பான், ஒருவன் பந்து அடிப்பான். வெண்டலின் மைத்துனன் வாங்கிப்போட்டு ஓட்டாமல் விட்ட பழைய மியாட்டா ஒன்று கொட்டகையில் கிடந்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் சின்னக் கார். அதைத் தட்டிக்கொட்டி, உள்ளே இரும்புக்கூண்டு பற்றவைத்து, தலைக்கவசம் வாங்கி, ஐம்பது வயதுக்கு மேல் எங்கள் சங்கத்தில் சேர்ந்தான். காசு வராத பந்தயம் எங்களுடையது. ஜெயித்தால் மரப்பலகையில் ஒட்டிய ஒரு தகடு, தோற்றால் எல்லோரோடும் சேர்ந்து பீரும் சாஸேஜும். ஜெயித்தவனுக்கும் அதே பீர்தான்.

நான் அங்கே கொடி பிடிக்கிறவன். பைன் ஹாலோ தடத்தில் முழங்கை என்று நாங்கள் சொல்லும் வலது வளைவு என் இடம். வாரநாளில் ஆணியும் பெயின்ட்டும் விற்கிற கடையில் வேலை. பந்தயம் வந்தால் வெள்ளை உடுப்பு மாட்டிக்கொண்டு போய் நின்றுவிடுவேன். மெதுவாகப் போகிற காரைப் பின்னால் வேகக்கார் பிடித்துவிட்டால் மெதுவான காருக்கு நீலக்கொடி காட்ட வேண்டும். பின்னால் ஆள் வருகிறான், பார்த்துக்கொள் என்று அதற்கு அர்த்தம். அவ்வளவுதான் அர்த்தம். ஒதுங்கு என்று அர்த்தமில்லை. அந்தக் கொடியை வெண்டலுக்குக் காட்டிய அளவுக்கு வேறு யாருக்கும் நான் காட்டியதில்லை. அவன் எப்போதும் கடைசி.

கோரின் சாஸ்ட்ரோ எப்போதும் முதல் இரண்டு மூன்று பேரில் ஒருத்தி. மாட்டு டாக்டர். உயரமானவள், நீளமான கைகள். கன்று குறுக்கே திரும்பிக் கிடந்தால் தோள் வரை உள்ளே கையை விட்டுத் திருப்பி எடுப்பாள். பண்ணைக்காரர்கள் அவள் கையைப் பற்றிப் பேசுவது சில ஊர்களில் பாதிரியாரைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும். வெண்டல் பால் எடுக்கும் பண்ணைகள்தான் அவள் போகும் பண்ணைகளும். பந்தயத்திடலில் இரண்டு பேர் காரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். தேய்ந்த டயர்களை அவனுக்குக் கொடுப்பாள்.

"வெண்டல், உன் காரோட பின்பக்கத்தை யாராவது வரையச் சொன்னா கண்ண மூடிட்டு வரைவேன்."

"உன் கார் பின்பக்கம் எப்படி இருக்கும்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் சரியாத் தெரியல. பாக்குறதுக்குள்ள போயிடுற."

ஆனால் ஒரு விஷயத்தில் அவள் அவனிடம் விளையாட மாட்டாள். ஒவ்வொரு முறையும் சொல்வாள். "எனக்காக ஒதுங்காத. நீ உன் பாட்டுக்கு எப்பவும் போற பாதையிலேயே போ. தாண்டுறது என் வேலை. நீ எங்க இருப்பேன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

காலையில் ஓட்டுநர்கள் கூட்டத்தில் தலைமை நடுவர் கார்டன் பெல்கியும் இதையேதான் சொல்வார். வெண்டல் தலையாட்டுவான். தடத்தில் இறங்கியதும் கண்ணாடியில் ஒரு கார் பெரிதாகத் தெரிந்தால் அவனுக்குக் கை தானாக வெளியே வரும், கார் தானாக ஓரம் போகும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷன் என்று தட்டிக்கொடுத்தவர்களும் உண்டு.

செப்டம்பரில் அந்த வருஷத்தின் கடைசிப் பந்தயம். கோரின் முதலில் வந்துகொண்டிருந்தாள். அப்படியே முடித்தால் அந்த வருஷத்துப் பட்டம் அவளுக்கு. அவள் பின்பம்பரை முகர்ந்துகொண்டு டெரிக் மால் என்ற ஓட்டுநர். இரண்டு பேரும் முழங்கைக்கு முந்திய நேர்ப்பாதையில், ஒரு சுற்றுப் பின்தங்கியிருந்த வெண்டலைப் பிடித்தார்கள். நான் நீலக்கொடியை வீசினேன்.

முழங்கைக்குள் நுழைய எல்லோரும் இடது ஓரத்திலிருந்துதான் வருவார்கள். அதுதான் வேகமான பாதை. வெண்டலும் இடது ஓரத்தில்தான் இருந்தான். அவன் அங்கேயே இருந்திருந்தால் வலது பக்கம் முழுதும் காலி. கோரின் அந்த வலது பக்கத்தைக் குறிவைத்துத்தான் வந்தாள்.

வெண்டல் கண்ணாடியில் பார்த்தான். பட்டம் வாங்கப் போகிறவள் பின்னால் வருகிறாள், அவளை நல்ல பாதையிலிருந்து இறக்கிவிட்டு நான் அதில் உட்கார்ந்திருப்பதா என்று நினைத்தான். இதைப் பிறகு அவன்தான் சொன்னான். ஜன்னல் வழியே கையை நீட்டி, இடதுபக்கம் போ என்று காட்டிவிட்டு, வலதுபக்கம் ஒதுங்கினான்.

அதே நேரம் அவள் வலதுபக்கம் பாய்ந்தாள்.

அவள் முன்சக்கரம் அவன் பின்சக்கரத்தின் மேல் ஏறியது. சத்தம் பெரிதாக இல்லை. அவள் கார் மட்டும் எழும்பியது. எனக்கு நேர் எதிரே, அதன் அடிப்பாகம் முழுதும் தெரிய, காற்றில் போயிற்று. பிறகு பக்கவாட்டில் விழுந்து, புரண்டு, டயர் அடுக்கிய சுவரில் போய் மோதி நின்றது. என் கையில் நீலக்கொடி இருந்தது. அதைப் போட்டுவிட்டு, ஆபத்து என்று சொல்லும் மஞ்சள் கொடியை எடுத்து வீசினேன். கொடி பிடிக்கிறவன் தன் இடத்தை விட்டு ஓடக் கூடாது. ஓடவில்லை. ஆம்புலன்ஸ் வரும்வரை வீசிக்கொண்டே நின்றேன்.

வெண்டல் கொஞ்ச தூரத்தில் காரை நிறுத்திவிட்டு இறங்கி ஓடி வந்தான். அதுவும் கூடாது. மற்ற கார்கள் இன்னும் போய்க்கொண்டிருந்தன. "உள்ள போ வெண்டல், தடுப்புக்கு அந்தப் பக்கம் போ!" என்று கத்தினேன். அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. கூண்டுக்குள் பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தவளிடம் குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தான். மீட்புக்காரர்கள் வந்து அவனைத் தோளைப் பிடித்து இழுத்துப்போனார்கள்.

சாயங்காலம் விசாரணை. நடுவர்கள் உட்காரும் தகரக் கொட்டகையில் கார்டனும் இன்னும் இரண்டு பேரும். கோரின் ஆஸ்பத்திரியில். டெரிக்கின் காரில் இருந்த காமிரா ஒன்றுதான் சாட்சி. கோரினின் காமிரா நொறுங்கிவிட்டது. வெண்டல் காமிரா வைத்துக்கொள்வதில்லை. கடைசியில் வருகிறவன் எதைப் படம் பிடிப்பது என்பான்.

டெரிக்கின் படத்தில் கோரின் கடைசி நேரத்தில் வலதுபக்கம் பாய்வதும் வெண்டலின் பின்சக்கரத்தில் ஏறுவதும் தெளிவாகத் தெரிந்தன. வெண்டலின் கை தெரியவில்லை. அவள் கார் மறைத்துவிட்டது.

"தப்பு என்னுது" என்றான் வெண்டல். "நான் நகந்தேன். எப்பவும் போற பாதைய விட்டுட்டேன்."

"ஒரு தடவை நகந்த. மெதுவாத்தான் நகந்த" என்றார் கார்டன். "ஒரு தடவை பாதை மாத்திக்க உனக்கு உரிமை இருக்கு. தாண்டுறவங்கதான் பாத்துத் தாண்டணும். அதுதான் விதி."

"அவ எங்க வருவான்னு எனக்குத் தெரியும் கார்டன். அவ என்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருக்கா! நான்தான் கேக்கல."

"நீ மனசுல என்ன நெனச்சேங்கிறத வச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது. கைய எந்தப் பக்கம் காட்டுன?"

"இடது பக்கம்."

கார்டன் என்னைப் பார்த்தார். நான் கை வெளியே வந்ததைப் பார்த்திருந்தேன். எந்தப் பக்கம் காட்டியது என்று நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை. அவளுக்குச் சாதகமாகவோ அவனுக்குச் சாதகமாகவோ ஒன்றைச் சொல்லிவிடலாம்தான். தெரியாது என்றேன்.

"சரி, இடதுன்னே வச்சுக்குவோம்" என்றார் கார்டன். "அப்பவும் அவ வலதுல வந்தா அது அவ முடிவு. இல்லையா?"

வெண்டலுக்குப் பேச வராது. ஆர்லிஸ் கூட இருந்திருந்தால் எதையாவது சொல்லியிருப்பாள். "அவ நல்ல ஓட்டுநர்" என்று மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னான்.

கோரினின் பந்தய உரிமம் அடுத்த வருஷம் முழுதும் நிறுத்திவைக்கப்பட்டது. அன்றைய புள்ளிகள் போயின. பட்டம் டெரிக்குக்கு. வெண்டலின் பேரில் ஒரு புகாரும் இல்லை. கார்டன் எழுந்து வந்து அவனிடம் கைகுலுக்கினார். "இதுக்கெல்லாம் மனசப் போட்டு அலட்டிக்காத" என்றார். அவர் கெட்டவர் இல்லை. விதியில் இருந்ததைத்தான் செய்தார். அன்றைக்கு அங்கே கெட்டவர் என்று ஒருவர் இருந்திருந்தால் வெண்டலுக்குக் கொஞ்சம் எளிதாக இருந்திருக்கும்.

கோரினுக்குக் காறை எலும்பு முறிந்திருந்தது. அது கூடிவிட்டது. ஆனால் தோளிலிருந்து போகும் நரம்பு அறுந்திருந்தது. வலது கை இடுப்புக்கு மேலே எழவில்லை. வரும் என்று சொன்ன டாக்டர்கள் பிறகு வரலாம் என்றார்கள்.

வெண்டல் பூங்கொத்தும் ஆர்லிஸ் சுட்ட ஆப்பிள் கேக்கும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான். மேல்முறையீடு செய், நான் வந்து எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்றான்.

"எதுக்கு?" என்றாள். "அடுத்த வருஷம் இந்தக் கையால கியர் போடப் போறேனா?"

"தப்பு உன் பேர்ல இருக்கக் கூடாது."

"நான் பாய்ஞ்சது நிஜந்தானே? நீ அங்கயே இருப்பேன்னு நான் நெனச்சேன். நெனச்சது என் தப்பு."

"நான் நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"தெரியும் வெண்டல். அதத்தான் என்னால தாங்க முடியல. நீ என்னை மறிக்கணும்னு நெனச்சு நகந்திருந்தா உன்னைத் திட்டித் தீத்திருப்பேன். இப்ப உன்னைத் திட்டவும் முடியல. என் மேல என்ன கருணை பாரு உனக்கு! போ. கேக்கை வச்சுட்டுப் போ. ஆர்லிஸ் நல்லா செய்வா."

பனி விழ ஆரம்பித்ததும் அவன் விடியுமுன் டேங்கரை எடுப்பதற்கு முன்பே அவள் வீட்டுப் பாதையில் பனி தள்ளிவிட்டுப் போனான். அப்படியே ஒரு வாரம் போயிற்று. பிறகு ஒருநாள் கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"நான் கேட்டேனா?"

"இல்ல."

"பின்ன?"

அவன் மண்வாரியைப் பனியில் குத்தி நிறுத்தினான்.

"பனி தள்ள ஆள் வச்சிருக்கேன். அவன் வந்து பாத்துட்டுத் திரும்பிப் போறான். இன்னொருத்தருக்கு என்ன வேணும்னு நீயா முடிவு பண்றத எப்பத்தான் விடுவ?"

அவன் நிறுத்திக்கொண்டான். அந்தக் குளிர்காலத்தில் அவன் என் கடைக்கு வந்தால் எதையாவது கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போவான். ஒருநாள் கேட்டேன், என்னதான் செய்யப் போகிறாய் என்று. "செய்யறதுக்கு ஏதாவது இருந்தா சொல்லேன்" என்றான்.

பிப்ரவரியில் ஒரு காலை லாய்டு கிம்மல் என்பவரின் பண்ணையில் பால் ஏற்றிக்கொண்டிருந்தான். தொழுவத்தில் ஒரு பசுவுக்குக் கன்று மாட்டிக்கொண்டிருந்தது. கோரினுக்குப் பதிலாக வந்திருந்த புது டாக்டர் பனியில் வழியிலேயே நின்றுவிட்டார். பக்கத்து மேட்டில் குடியிருக்கும் கோரினை லாய்டு கூப்பிட்டிருந்தார். கையால் ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் வாயால் சொல்லட்டும் என்று.

"வெண்டல்! கொஞ்சம் வா!" என்று லாய்டு கத்தினார். சுத்தத்துக்காக, பால் எடுக்கிறவன் தொழுவத்துக்குள் காலை வைக்கக் கூடாது. அவன் போனான்.

கோரின் சுவரோரம் நின்றிருந்தாள். கன்றின் காலில் கட்டியிருந்த கயிற்றை அவனுக்குக் காட்டினாள். "கயித்தப் புடி" என்றாள். "நான் சொல்றப்ப மட்டும் இழு. சொல்லாதப்ப சும்மா நில்லு."

அவன் அப்படியே செய்தான். அவள் சொன்னபோது இழுத்தான், நிறுத்து என்றபோது நின்றான். லாய்டு உள்ளே கையை விட்டுத் தடவி, தலை எந்தப் பக்கம் என்று சொல்லத் திணறினார். "இடமா வலமா, தெளிவாச் சொல்லுங்க லாய்டு!" என்று அவள் கத்தினாள். தன் வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு, தானே இழுப்பதுபோல் உடம்பை முறுக்கினாள். பசு கதறிக்கொண்டிருந்தது. கடைசியில் கன்று வெளியே வந்தது. மூச்சில்லை.

கோரின் வைக்கோலில் மண்டியிட்டு ஒரு கையால் அதன் மூக்கைத் துடைத்தாள், நெஞ்சைத் தேய்த்தாள். வைக்கோலால் மூக்குக்குள் குத்தினாள். வெண்டல் குனியப் போனான். குனியவில்லை. அவள் ஒன்றும் சொல்லவில்லையே.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கையை எடுத்தாள். "போச்சு" என்றாள். "பசுவைப் பாருங்க லாய்டு. அது பொழைச்சுக்கும்."

எழுந்திருக்கச் சிரமப்பட்டாள். வெண்டல் கையை நீட்டவில்லை. அவளாகவே கம்பியைப் பிடித்து எழுந்தாள்.

"முன்னமே நான் உள்ள வந்திருந்தா..." என்று ஆரம்பித்தான்.

"ஒண்ணும் ஆகியிருக்காது." அவள் கோட்டைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டாள். ஒரு கை உள்ளே போகவில்லை. அப்படியே விட்டுவிட்டாள். கதவுப் பக்கம் போய்த் திரும்பி, "உன் வண்டி என் காரை மறிச்சுட்டு நிக்குது. எடு" என்றாள்.

அவன் போய் டேங்கரில் ஏறி, குழாயைக் கழற்றினோமா என்று இறங்கிப் பார்த்து, மறுபடி ஏறி, பின்னால் எடுத்தான். அவள் காரில் உட்கார்ந்து காத்திருந்தாள். வழி கிடைத்ததும் போய்விட்டாள். அவன் லாய்டிடம் வந்து, கன்றை வெளியே இழுத்துப்போட ஆள் வேண்டுமா என்று கேட்டான்.