முப்பத்தோராம் தாள்

என்னிடம் இருக்கும் நீல அட்டை நோட்டில் முப்பத்தோராம் தாள் இல்லை. முப்பதுக்கு அடுத்தது முப்பத்திரண்டு. இடையில், தையலை ஒட்டி, கால் அங்குல அகலத்துக்கு ஒரு காகித விளிம்பு மட்டும் நிற்கிறது. அளவுகோல் வைத்து, பிளேடால் நேராக அறுத்தது. அறுத்தவர் என் மாமா. பக்கத்தில் உட்கார்ந்து அழுதவள் நான். எண்பதுகளின் கடைசியில், ஏழாம் வகுப்புப் பரீட்சை முடிந்த கோடை விடுமுறை அது.

மாமா அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பு மில்லில் ஸ்டோர் கிளார்க். எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தார். ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், அம்மா ஆணியில் தொங்கும் கேமராவைக் கைகாட்டுவாள்.

கேமரா வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர்கள் இருவரும் பிறந்த வீட்டை, அவர்கள் சிறுபிள்ளைகளாக இருக்கும்போதே இடித்துவிட்டார்கள். அந்த வீட்டுக்குத் தெருப்பக்கம் ஐந்து ஜன்னல் என்பாள் அம்மா. ஏழு என்பார் மாமா. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இந்தச் சண்டை தவறாது.

“ஏழு ஏழுங்கியே, எந்த ஏழு? வரிசையாச் சொல்லு பாப்போம்.”

“நீ உள்ள இருந்து எண்ணுனவ. நான் தெருவுல நின்னு எண்ணுனவன்.”

தீர்த்துவைக்க ஒரு படம் கிடையாது. யாரோ ஒரு பெரியப்பாவின் கல்யாணப் படத்தில், மாப்பிள்ளையின் தலைப்பாகைக்குப் பின்னால் ஒன்றரை ஜன்னல் தெரிந்தது. அந்த ஒன்றரையை இருவருமே தங்கள் கட்சிச் சாட்சியாக வைத்துக்கொண்டார்கள். இனி இந்தப் பக்கத்தில் எந்த வீடும் படம் இல்லாமல் போகக் கூடாது என்று மாமா முடிவு செய்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

அவருக்கு இரண்டு விதிகள். ஒரு வீட்டுக்கு இரண்டு படம்தான். படத்தில் ஆள் நிற்கக் கூடாது.

எந்த வீடு போகப்போகிறது என்று சொல்ல ஒருவர் இருந்தார். ஊர் எல்லையில் பழைய மரக்கடை வைத்திருந்தவர். பழைய வீடுகளை அப்படியே பேசி எடுத்து, பிரித்து, கதவும் தூணும் உத்தரமும் விற்பார். பிரிப்பதற்கு முன் அவருடைய ஆட்கள் வந்து, ஒவ்வொரு தூணிலும் நிலையிலும் தாரால் எண் போடுவார்கள். தார் எண் விழுந்த வீடு, மாமாவுக்கு முகத்தில் துணி போட்ட வீடு. எண் விழுவதற்கு முன் நாங்கள் போய்விட வேண்டும். அதற்காகக் கடைக்காரர் முன்கூட்டியே தகவல் சொல்வார். மாமா பதிலுக்கு ஒரு படம் கொடுப்பார். கதவு இருந்த இடத்தில் எப்படி இருந்தது என்று வாங்க வருபவர்களிடம் காட்ட அது அவருக்கு உதவியது.

என் வேலை நோட்டு. தாளுக்கு ஒரு வீடு. முன்னதாகவே எல்லாத் தாளுக்கும் எண் போட்டு, கோடு இழுத்து, கட்டம் பிரித்து வைத்திருந்தேன்: ஊர், தெரு, வீட்டு விவரம், தகவல் சொன்னவர், அவர் சொன்னது, குடியிருந்தோர் காலி செய்த நாள், இடிக்கும் நாள். என் கையெழுத்து அழகாக இருந்ததால்தான் மாமா என்னை அழைத்துப் போகிறார் என்று நம்பியிருந்தேன். கேமராவோடு தனியாக வரும் ஆணுக்குத் திறக்காத கதவு, கூட ஒரு பெண்பிள்ளை நின்றால் திறக்கும் என்பது எனக்குத் தெரியவர வெகு காலம் ஆயிற்று.

அந்தச் சனிக்கிழமை கடைக்காரர் மிகுந்த குஷியில் இருந்தார்.

“ஓய், ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒண்ணு மாட்டியிருக்கு. மாடி வீடு. வைகாசி பத்துக்குள்ள பிரிச்சிரணும். உத்தரம் அம்புட்டும் வைரம் பாஞ்ச தேக்கு. மேல யானைய ஏத்தி நிப்பாட்டுனாலும் இன்னும் நூறு வருசத்துக்கு அசையாது!”

மாமா தெருப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டார். நான் ‘அவர் சொன்னது’ கட்டத்தில், யானையை விடாமல், சொன்னது சொன்னபடி எழுதினேன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனோம். ரத வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது வீடு. நான் பார்த்தவற்றிலேயே அழகான முகப்பு அதற்குத்தான். மாடிக் கைப்பிடிச் சுவரின் இரண்டு ஓரங்களிலும் துப்பாக்கி பிடித்த இரண்டு சுதைச் சிப்பாய்கள் நின்றார்கள். ஒருவனுக்கு மூக்கு உடைந்திருந்தது. மாமா சந்தின் எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார்.

“வெயில் இன்னும் செத்த நேரத்துல முகத்துக்கு வரும். அதுக்குள்ள உள்ள பாத்துட்டு வந்திருவோம்” என்றார்.

வழக்கமாக நாங்கள் போகும் வீடுகள் காலியாக இருக்கும். அல்லது உடைமைக்காரர்களே மூட்டை கட்டிக்கொண்டிருப்பார்கள். இந்த வீட்டில் நான்கு குடித்தனங்கள் இருந்தன. முன்கூடத்துத் தூண்களுக்கு நடுவே துணி காய்ந்தது. கழுத்தில் அளவு டேப்போடு ஒரு அக்கா தையல் மிஷினில் உட்கார்ந்திருந்தார். மாமா வந்த காரியத்தைச் சொன்னார். அக்கா அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“புள்ள யாரு?”

“அக்கா மக.”

“வாங்க, உள்ள வாங்க. எங்களையெல்லாம் எடுக்க மாட்டீகளா, சுவத்தத்தான் எடுப்பீகளா?”

“சுவரு அசையாதும்மா, அதான்.”

அக்கா சிரித்துவிட்டு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். மாமா தூண் தூணாகத் தட்டிப் பார்த்துக்கொண்டு பின்கட்டுப் பக்கம் போனார். நான் மிஷினுக்குப் பக்கத்தில் நோட்டை விரித்தேன். முப்பத்தோராம் தாளில் ஒரே ஒரு கட்டம் நிரம்பாமல் இருந்தது. நிரம்பாத கட்டம் என்றால் அன்றும் எனக்குப் பொறுக்காது, இன்றும் பொறுக்காது.

“அக்கா, நீங்க எந்தத் தேதி காலி பண்றீக?”

“நாங்க எங்க காலி பண்ணப் போறோம்?”

“வைகாசி பத்துக்குள்ள வீட்ட இடிக்காகல்ல? அதுக்கு முந்தியா, அன்னைக்கேவா?”

மிஷின் நின்றது. அக்கா நோட்டைத் தன் பக்கம் திருப்பி, வரிவரியாக விரல் வைத்துப் படித்தார்.

“யாரு எழுதுனது இது?”

“நாந்தான்” என்றேன். கையெழுத்தைப் பாராட்டப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அக்கா எழுந்து பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “ஏங்க! இங்க வாங்க செத்த. நீங்க யாரு? ஓனரு அனுப்புன ஆளா? பச்சப்புள்ளயக் கூட்டிட்டு வந்து வேவு பாக்கீகளா?”

மாமாவுக்கு முதலில் புரியவில்லை. நோட்டைப் பார்த்ததும் முகம் மாறியது. “இல்லம்மா. இடிக்கப் போற வீடு, ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

“என்ன தெரியும்? போன மாசம் ஒருத்தரு வந்தாரு. சுவத்தத் தட்டுனாரு, எழுதுனாரு, போயிட்டாரு. விழுற வீடு, ஆளு இருக்கத் தோதில்லன்னு ஓனரு முனிசிபாலிட்டில எழுதி வாங்கப் போறாராம்னு மேல் வீட்டு சார் சொன்னாரு. நாந்தான் நம்பாம சிரிச்சேன். பதினோரு வருசமா இருக்கேன், எந்த மழைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. வைகாசியில நான் வத்திராயிருப்புக்கு ஊர்ப் பொங்கலுக்குப் போயிருவேன். திரும்பி வந்து பாத்தா மச்சு இருக்காதா? இந்த மிஷினத் தூக்கிட்டு நான் எங்க போவேன்?”

மாமா நோட்டை வாங்கினார். ‘அவர் சொன்னது’ கட்டத்தை ஒருமுறை படித்தார். பிறகு மறுபடியும் படித்தார். லென்ஸ் மூடியை மாட்டினார். கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். எடுத்து மறுபடி மாட்டினார். ராஜபாளையம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, கிளம்பப் போகிறோம் என்று நான் பென்சிலைப் பெட்டியில் வைத்தேன்.

“மாடிக்கு வழி எங்கம்மா?” என்றார் மாமா.

பிலிம் ரோலில் ஏழு வீடுகளின் பதினான்கு படங்கள் முடிந்து இருபத்திரண்டு மீதம் இருந்தன. அந்த இருபத்திரண்டையும் மாமா அந்த ஒரே வீட்டில் எடுத்தார். மேல் வீட்டு சாரிடம் அன்றைய செய்தித்தாளை வாங்கி, ஒவ்வொரு உத்தரத்தின் கீழும், ஒவ்வொரு சுவர் மூலையிலும் யாராவது அதைத் தேதி தெரியப் பிடித்துக்கொண்டு நிற்கும்படி சொன்னார். தையல் அக்கா நின்றார், சார் நின்றார், எங்கிருந்தோ வந்த இரண்டு பேர் நின்றார்கள்.

“மாமா, ரெண்டுதான்! ஆளு வேற நிக்காக!”

“நிக்கட்டும்.”

“வெளிய வெயில் வந்திருச்சு மாமா. சிப்பாய்க்கு ஒண்ணாச்சும் வைங்க.”

அவர் கேமராவின் எண்ணைப் பார்த்தார். ஒன்றுதான் பாக்கி. அதைக் கொண்டுபோய் அடுப்படிக்குப் பின்னால், அஸ்திவாரத்துக் கல்லில் செலவழித்தார். நாங்கள் சந்துக்கு வந்தபோது வெயில் சிப்பாய்கள் இருவர் முகத்திலும் நேராக விழுந்திருந்தது. மாமா அண்ணாந்து பார்க்காமல் நடந்தார்.

அன்று மாலைதான் தாளை அறுத்தார். அந்த வீட்டுக் குடித்தனக்காரர்கள் பார்க்கப்போகும் வக்கீலுக்கு வேண்டுமாம். எண் வரிசை உடைந்துபோகும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

“வேற தாள்ல எழுதித் தாரேன் மாமா, இதவிட அழகா!”

“அழகா வேண்டாம்டி. நேத்து எழுதுனதுதான் வேணும்.”

இரண்டு வாரம் கழித்து மரக்கடைக்காரர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டீரே ஓய். என் வாயால சொன்னத எனக்கே வக்கீல் வாசிச்சுக் காட்டுதான்.”

“நீரு சொன்னதத்தான எழுதியிருக்கு. பொய்யா?”

“உண்மையச் சொல்லுததுக்கும் ஒரு எடம் இல்லியா?” என்றார் அவர். பிறகு என்னைப் பார்த்து, “எழுதுன கை இதுதானா? யானையக்கூட விடலியே, ஏட்டி!” என்றார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது போலத்தான் இருந்தது. ஆனால் போகும்போது மாமாவிடம் சொல்லிவிட்டே போனார்: “இனிமே எந்த வீடு போவுதுன்னு கேட்டு எங்கடைப் பக்கம் வந்துராதேயும்.”

அந்தத் தாள் கோர்ட்டில் எவ்வளவு தூரம் எடுபட்டது என்று எனக்குத் தெரியாது. படங்கள் எடுபட்டன. வீடு அதன்பிறகு ஏழு ஆண்டுகள் நின்றது. தையல் அக்கா அங்கேயே இருந்து, மகளைப் பள்ளிக்கூடம் முடிக்கவைத்து, பிறகு தானே நாள் பார்த்து வ. புதுப்பட்டியில் வேறு வீட்டுக்குப் போனாராம்.

அந்த ஏழு ஆண்டுகளில் இரண்டு ஊர்களிலும் எத்தனையோ வீடுகள் போயின. தகவல் சொல்ல ஆளில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா தானாகத் தேடிப் போவார். போகும்போது தார் எண் விழுந்திருக்கும். பல நேரம் எண் போட்ட தூணே இருக்காது, மண்மேடுதான். ஒரு கட்டத்தில் ரோல் வாங்குவதை நிறுத்தினார். என் நோட்டில் முப்பத்திரண்டு முதல் கடைசி வரை கட்டம் போட்ட வெற்றுத் தாள்கள்.

தொண்ணூறுகளின் நடுவில், கல்லூரி விடுமுறைக்கு வந்தபோது அந்தச் சந்துக்குள் போய்ப் பார்த்தேன். சிப்பாய்கள் இருந்த உயரத்தில் வெறும் வானம். வீட்டுக்கு வந்து மாமாவிடம், மூக்கு உடைந்தவன் இடது பக்கத்துச் சிப்பாய்தானே என்று கேட்டேன்.

“வலது” என்றார்.

“இடது மாமா. நான் தெருவுல நின்னு பாத்தேன்.”

“நானும் தெருவுலதான் நின்னேன்.”

அம்மா அடுக்களையிலிருந்து உரக்கச் சிரித்தாள். இன்றுவரை அது தீரவில்லை. தீர்த்துவைக்க ஒரு படம் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு என் நாட்குறிப்பில் மூன்று வரிகள் இருக்கின்றன. நோட்டு மாமாவுக்கு, நாட்குறிப்பு எனக்கு என்று அப்போதே பிரித்து வைத்திருந்தேன்; அதில் யாரும் பிளேடு வைக்கவில்லை. கையெழுத்து உண்மையிலேயே அழகாக இருக்கிறது. ‘இன்று ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மாமா ஒரே வீட்டுக்கு இருபத்திரண்டு படங்களை வீணாக்கினார். வீட்டின் முகப்பை எடுக்க மறந்துவிட்டார்.’

மறந்துவிட்டார் என்றுதான் எழுதியிருக்கிறேன்.