கிணத்தடியில் கிடந்த மூத்தவள்

எனக்குச் சின்ன வயசுலேருந்தே யாரையும் சட்டுனு நம்ப வராது. பால்காரர் சிரிச்சாருன்னாக்கூட செம்பை வெளிச்சத்துல தூக்கிப் பாப்பேன். அப்படிப்பட்டவளைத்தான் ஒருத்தர் பின்னால ஒருத்தராப் பொண்ணு பாக்க வந்தாங்க. எல்லாரும் சொஜ்ஜியும் பஜ்ஜியும் சாப்பிட்டுட்டு, "ஊருக்குப் போய்க் கடுதாசி போடுறோம்"னு ஒரே மாதிரி சிரிச்சுட்டுப் போனாங்க. எந்தக் கடுதாசியும் வரல.

ஐம்பதுகள் முடியற சமயம் அது. ஸ்ரீரங்கத்துல கொள்ளிடக்கரைப் பக்கம் வாடகைக்கு இருந்தோம். பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கெல்லாம் அம்மா என் தங்கச்சியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அவ என்னைவிட நிறம், என்னைவிடச் சிரிச்ச முகம். மூத்தவளைப் பாக்க வந்தவங்க கண்ணு இளையவ மேல விழுந்துடக் கூடாதுன்னு எங்க பக்கத்துல எல்லா வீட்டுலயும் செய்யறதுதான் இது.

அந்த வருஷம் கோடையில கிணத்தடிக்குச் சிமெண்டு பூச ஆள் வந்தாங்க. நான் தினம் துணி துவைக்கிற கல்லை நெம்பிப் புரட்டினா, அடிப்பக்கம் ஒரு பொம்பளை உக்காந்திருக்கா! சரிஞ்ச வயிறு, தடிச்ச உதடு, ஒரு பக்கம் காக்கைக் கொடி, இன்னொரு பக்கம் துடைப்பம். எங்க அத்தை வாயைப் பொத்திக்கிட்டாங்க.

"அடி ஆத்தி, மூதேவி! இவ முதுகுலதான் இத்தனை நாளாத் துவைச்சியா? அப்புறம் எப்படிடி உனக்கு வரன் அமையும்?"

அன்னிலேருந்து வீட்டுல எல்லாரும் என்னையும் கல்லையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. எனக்கும் சந்தேகம்தான், ஆனா கல்லு மேல இல்ல, அந்தக் கதை மேல. ஸ்கூல்ல தமிழ் படிச்சவதானே நானும். மூத்த தேவிதான் மூதேவி. பழைய தமிழ்ல அவளுக்குத் தவ்வைன்னு பேரு. தவ்வைன்னா அக்கா, அவ்வளவுதான். ராஜாக்கள் கட்டின கோயில்லயே இடம் பிடிச்சு உக்காந்திருந்தவ, எப்படியோ வசவாயிட்டா. பாற்கடலைக் கடைஞ்சப்ப அவளோட தங்கச்சிக்கு முன்னாடி வந்தவ அவதான். கட்டிக்க ஒருத்தரும் முன்வரல. தங்கச்சி வந்ததும் பெருமாளே தயாரா நின்னாரு. "முதல்ல அக்காவுக்கு ஆகட்டும்"னு தங்கச்சி சொல்லிட்டா. உடனே அவசர அவசரமா ஒரு ரிஷி தலையில அக்காவைக் கட்டிட்டாங்க. தங்கச்சிக்கு நல்ல பேரு. அக்காவை யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா? கதையில எங்கயும் இல்ல. அவளுக்குப் போய்க் காக்காயை எதுக்குக் கொடுத்தாங்கன்னும் புரியல. ஒரு பருக்கை கிடைச்சாக்கூடக் கூட்டத்தைக் கூப்பிட்டுத் தின்னுற ஜீவன் அது.

கல்லைக் கொள்ளிடத்துல தள்ளிடணும்னு அத்தை ஒத்தைக் கால்ல நின்னாங்க. மாட்டு வண்டி கிடைக்காததால அது கிணத்தடிச் சுவத்துல சாஞ்சே இருந்துச்சு.

அப்பத்தான் லால்குடிலேருந்து ஒரு இடம் வந்துச்சு. நஞ்சை இருக்கு, பையனுக்குத் திருச்சியில ஆபீஸ் வேலை. பையனோட அம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "உன் கையால காபி குடிக்கக் கொடுத்து வெச்சிருக்கணும்மா"ன்னாங்க. இவ்வளவு தேன் எதுக்குன்னு நான் யோசிக்கிறப்பவே வாசக்கதவு திறந்துச்சு. தங்கச்சி! தலை நிறைய மல்லி.

"தாகமா இருந்துச்சு, தண்ணி குடிக்க வந்தேன்"னா.

ஏன், பக்கத்து வீட்டுல பானை இல்லையா?

இந்தத் தடவை கடுதாசி வந்துச்சு. இளையவளைக் கேட்டு.

தங்கச்சி ஓன்னு அழுதா. "அக்காவுக்கு ஆகாம நான் கட்டிக்க மாட்டேன்"னா. தெருவே அவளை மெச்சிச்சு. எனக்கு மட்டும் அந்தப் பானைத் தண்ணி மறக்கல. அடுத்த வாரமே அத்தை எனக்கு எடமலைப்பட்டி புதூர்ல ஒருத்தரைப் பிடிச்சுட்டாங்க. எங்க அப்பா வயசு, மூத்த தாரம் தவறிப்போனவர். "லால்குடிக்காரங்க ரொம்ப நாள் காத்திருக்க மாட்டாங்கம்மா"ன்னு அம்மா என் முகத்தைப் பாக்காம சொன்னாங்க. கதையில வந்த ரிஷி எங்க வாசலுக்கே வந்துட்டாரு.

நேராக் கிணத்தடிக்குப் போனேன். தங்கச்சி தண்ணி சேந்திக்கிட்டிருந்தா.

"நான் அந்த ஆளைக் கட்டிக்கப் போறதில்ல. டீச்சர் ட்ரெயினிங் சேரப் போறேன். நீ லால்குடிக்குப் போ. எனக்காக நிக்காத."

அவ மாட்டேன்னு சொல்லணும்னு, சத்தியமா, மனசுல ஒரு மூலையில ஆசை இருந்துச்சு. மாட்டேன்னுகூட வேணாம். "நிஜமாவாக்கா?"ன்னு ஒரு தடவை கேட்டிருந்தாப் போதும்.

அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா.

"அப்ப ஆவணியிலயே வெச்சுக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லட்டுமா?"

கல்லைக் கொள்ளிடத்துக்குக் கொண்டுபோக நான் விடல. அன்னிலேருந்து வேற கல்லுல துவைச்சேன்.