முப்பதில் பதினேழு

கார்டு வியாபாரி உண்மையில் விற்பது ஒரேயொரு சத்தியத்தைத்தான்: இதற்குமேல் அடிக்க மாட்டேன். விளையாட்டு வீரரின் படம் போட்ட அட்டையை யார் வேண்டுமானாலும் அடிக்கலாம். மூலையில் 1/30, 2/30 என்று நம்பர் போட்டு, முப்பதாவதோடு மெஷினை நிறுத்துகிறவனுக்குத்தான் மதிப்பு. விற்கவோ சேர்க்கவோ போய் இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: டொரொண்டோவில் பதினான்கு வருஷம் ஒரு கார்டுக் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவன் நான். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில், சின்னதாக ஒரு அச்சுக்கூடம் வைத்திருக்கிறேன்.

சூடான மெஷின்

முதலில் அடித்தது மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மென்பந்து கிரிக்கெட் அணியை. பதினொரு பேர், ஆளுக்கு முப்பது கார்டு. ஒன்று அந்த வீரருக்கு. மீதி கொழும்பிலும் வெளிநாட்டிலும் இருக்கிற சேகரிப்பாளர்களுக்கு. விற்ற காசில் அணிக்கு மட்டையும் பந்தும். அடித்து முடிந்ததும் எடுத்த போட்டோக்களையும் அச்சுக்குச் செய்த வடிவத்தையும் எல்லாருடைய கண் முன்னாலேயே கம்ப்யூட்டரிலிருந்து அழித்தேன். டொரொண்டோவில் படித்த ஒழுங்கு.

கீழே செருப்புக் கடை வைத்திருக்கும் நஸீர் நானா மேலே வந்து இந்தச் சடங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். வேகப்பந்து வீச்சாளன் செல்வகுமாரின் கார்டில் பதினேழாவதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் கடையின் கதவிலக்கம் பதினேழு. கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அணைந்த மெஷினைத் தொட்டுப் பார்த்தார்.

"மெஷின் சூடா இரிக்கி, தாள் இரிக்கி, கேக்கியதுக்கு ஆளும் இரிக்கி. அடிக்கியதுக்கு இல்லாம நிப்பாட்டியதுக்கா தம்பி சல்லி தாறாங்க?"

பிடித்த நம்பர்

சேகரிப்பாளருக்கு முதல் நம்பர் வேண்டும், இல்லாவிட்டால் கடைசி நம்பர். நடுவில் கிடப்பவை அநாதைகள். உங்களுக்குத் தெரியாததா? செல்வகுமாருக்கு நான் முதல் நம்பரையே எடுத்து நீட்டினேன். அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருநூற்றுப் பதினாலு கிடைக்குமா என்று கேட்டான். தோட்டத்து செக்ரோலில், அதாவது வேலைப் பதிவில், அவனுடைய நம்பர் அது. முப்பதுக்குள் இருநூற்றுப் பதினாலு எப்படி வரும் என்று கேட்டேன். கூட வந்திருந்த அவன் மனைவி கலா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவன் விடவில்லை.

"ஆபீஸ்ல செல்வகுமாருன்னு சொன்னா ஒருத்தருக்கும் தெரியாதுண்ணே. இருநூத்திப் பதினாலுன்னாத்தான் நான்."

நனைந்தது

மழைக்காலத்தில் ஒருநாள் செல்வகுமார் பொலித்தீன் பையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். தோட்டத்து லயத்தில் அவன் வீட்டுக் கூரை ஒழுகி, அவனுடைய கார்டு ஊறிப்போய், முகம் இருந்த இடம் உரிந்திருந்தது. வேறு ஒன்று போட்டுத் தரச் சொன்னான். முடியாது என்றேன். படத்தை அழித்தாயிற்று, முப்பதும் போய்விட்டது, வேண்டுமானால் அடுத்த வருஷம் அடிக்கிற வரிசையில் பார்ப்போம் என்றேன். இரண்டு மொழியில் படித்தவனுக்கு, முடியாது என்பதை எந்த மொழியிலும் மரியாதையாகச் சொல்ல வரும். அன்றைக்கு அவனை நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்துக் கொடுத்திருக்கலாம். காமரா மேசைமேல்தான் இருந்தது.

பொலித்தீனைக் கவனமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படியிறங்கும்போது சிரித்தான்.

"ஊரெல்லாம் என்னைய வச்சிருக்காங்க. எனக்கு மட்டும் நான் கெடைக்க மாட்டேனாண்ணே?"

டொரொண்டோவில் பதினொன்று

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டப் போன மலையில் அவன் கத்தி குளவிக்கூட்டில் பட்டுவிட்டது. ஓடிப்போய் ஓடையில் குதித்தான். பையிலிருந்த போனும் அவனோடு தண்ணீருக்குள் போனது. பதுளை ஆஸ்பத்திரிக்கு லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மடுல்சீமைப் பாதை எப்படிப்பட்டதென்று போய்வந்தவர்களுக்குத் தெரியும். வழியில் பசறைக்கு வருமுன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து கலா படியேறி வந்தாள். பதினாறாம் நாள் மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டிலிருப்பது அடையாள அட்டைக்கு எடுத்த, மீசை அரும்பாத முகம். அணியோடு நின்ற படங்களில் தொப்பி நிழல். என்னிடமிருந்ததோ விற்பனைக்காக இணையத்தில் போட்ட படம் மட்டும். திருடிவிடக் கூடாதென்று அவன் முகத்தின் மேலேயே 'மாதிரி' என்று பெரிதாக எழுதியிருந்தேன்.

விற்பனைப் பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு ஒவ்வொருவராக எழுதிக் கேட்டேன். பலர் பதில் போடவில்லை. டொரொண்டோவில் ரமணன் என்று என் பழைய வாடிக்கையாளர். அவரிடம் பதினொன்றாம் நம்பர் கார்டு இருந்தது. அவர்தான் போனை எடுத்தார். கார்டு வேண்டாம், ஒரு ஸ்கேன் மட்டும் அனுப்புங்கள் என்றேன்.

"ஸ்கேன் உங்கட கைக்கு வந்தா முப்பத்தொண்டு அடிக்க மாட்டியள் எண்டு என்ன நிச்சயம்? கோவிக்காதேங்கோ அண்ணை, நீங்கள் சொல்லித்தந்ததுதானே. இனி அந்தப் பெடியனுக்கு வேற கார்ட் வராதெல்லோ."

கண்ணாடிக்குக் கீழே

நான் போனில் கத்தியது கீழே கேட்டிருக்க வேண்டும். நஸீர் நானா மேலே வந்தார், கையில் பதினேழாவது கார்டு. இவ்வளவு நாளும் அது அவருடைய கல்லாப்பெட்டி மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்திருக்கிறது. பட்டியலில் அவர் பெயர் இல்லாததால், உலகமெல்லாம் தேடிய எனக்குப் பன்னிரண்டு படிகளுக்குக் கீழே தேடத் தோன்றவில்லை. "கேட்டா தந்திருக்க மாட்டேனா தம்பி?" என்றார்.

ஸ்கேன் செய்து பெரிதாக்கினேன். மெஷின் சூடாகும்வரை கலா அந்தச் சின்னக் கார்டையே கையில் வைத்திருந்தாள். மூலையில் விரலை வைத்து இது என்ன நம்பர் என்று கேட்டாள். மொத்தம் முப்பது அடித்தோம், இது பதினேழாவது என்றேன். கொஞ்ச நேரம் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள்.

"ஒண்ணு நம்ம வீட்டுல நனைஞ்சு போச்சு. ஒண்ணு இந்தா இருக்காரு. மத்த இருபத்தெட்டும் யார் யார் வீட்டுலண்ணே இருக்காரு?"

*

அன்றைக்கு அடித்த முப்பத்தொன்றாவது படத்தின் மூலையில் 214 என்று நம்பர் போட்டுக் கொடுத்தேன். அதன்மேல் எப்போதும் மாலை தொங்குவதால், நான் சத்தியம் தவறியது இதைப் படிக்கும்வரை எந்தச் சேகரிப்பாளருக்கும் தெரிந்திருக்காது.