குச்சி வராத நாள்

மழை ஓய்ந்து மார்கழி பாதி போனதும் காண்டிராக்டரின் கொட்டகையைத் திறப்போம். கடத்தூர் போகிற வழியில் இருக்கிறது. தை பிறந்தால் சாலை வேலை தொடங்கிவிடும். அதற்குள் சாலையில் வைக்கும் கூம்புக் கோன், தடுப்புக் கட்டை, ‘ஆட்கள் வேலை செய்கிறார்கள்’ பலகை, சட்டைக்கு மேல் போடும் பளபளப்புக் கோட்டு எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வைக்க வேண்டும். வண்டிகளுக்குக் கொடி காட்டுவதுதான் என் வேலை. ஆனால் கழுவுவதும் என் தலையில்தான் விடியும்.

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கோன்கள் மழைக்காலம் முழுக்க இருந்ததில் இறுகிப்போயிருக்கும். பிடித்து இழுத்தால் உள்ளே குளவி மண்ணால் கூடு கட்டியிருக்கும். நாங்கள் இன்னும் அஸ்திவாரமே போடவில்லை, இது அதற்குள் குடியேறிவிட்டதே என்று எரிச்சலாக வரும். வீடு கட்டத்தான் என் வீட்டுக்காரர் வெளிநாட்டுக்குச் சாலை வேலைக்குப் போனார்.

இந்தத் தைக்கு வந்துவிடுவேன், பழையபடி இரண்டு பேரும் கொடி பிடிக்கலாம் என்று சொல்லியிருந்தார். அதை நம்பி அவருடைய கோட்டையும் சேர்த்துத் துவைத்தேன். பிரஷ் போட்டால் பளபளக்கும் பட்டை உரிந்துவிடும், கையால்தான் கசக்க வேண்டும். தோளில் இருந்த தார்க்கறை டீசல் தொட்டுத் துடைத்தும் போகவில்லை. போகாவிட்டால் போகட்டும், அது அவர் கறைதானே.

பாதிச் சாலையை அடைத்து வேலை நடக்கும்போது, மறுபாதியில் ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் சாலை வளைந்து வளைந்து போகும். இந்த முனையில் நிற்கும் எனக்கு அந்த முனையில் நிற்கும் அவர் தெரியமாட்டார். அதனால் ஒரு குச்சி வைத்திருந்தோம். அவர் விடுகிற வண்டிகளில் கடைசி வண்டிக்காரர் கையில் அதைக் கொடுத்து அனுப்புவார். அது என் கைக்கு வந்தால் வழி காலி என்று அர்த்தம். அப்புறம்தான் நான் சிவப்புக் கொடியை இறக்கி என் பக்கத்தை விடுவேன். என்னுடைய கடைசி வண்டியில் குச்சி அவரிடம் திரும்பிப் போகும்.

அவரிடமிருந்து குச்சி வெறுமனே வராது. ஒரு நாள் கொய்யாப்பழப் பை தொங்கும், ஒரு நாள் முறுக்குப் பொட்டலம். கனகாம்பரம் வந்த அன்று பஸ் டிரைவர், “உங்க வூட்டுக்காரரு பூ குடுத்து வுட்டிருக்காருங்க” என்று பஸ்ஸே கேட்கும்படி சொன்னார். எனக்கு மானம் போயிற்று. பூவை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அவர் வெளிநாடு போவதற்கு முந்தின சீசனில் ஒரு நாள் குச்சி வரவில்லை. கடைசியாக வந்த தக்காளி வண்டிக்காரர் போனில் பேசிக்கொண்டே குச்சியோடு மொரப்பூர் பக்கம் போய்விட்டார். அதுதான் கடைசி வண்டி என்று எனக்கு எப்படித் தெரியும்? கொடியைத் தூக்கியபடியே நின்றேன். எனக்குப் பின்னால் பஸ், கரும்பு டிராக்டர், பைக் என்று சேர்ந்துகொண்டே போனது.

“எதுக்க ஒரு வண்டியும் வர்லியேம்மா, வுடும்மா” என்று கத்தினார்கள்.

“குச்சி வராம வுட மாட்டனுங்க” என்றேன். டிராக்டர்காரர் கெட்ட வார்த்தையே சொன்னார். நான் அசையவில்லை.

என் பக்கத்திலிருந்து வண்டியே வரவில்லை என்று பதறி, கொடியை ரோலர் ஓட்டுகிறவரிடம் கொடுத்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து வளைவில் அவர் ஓடி வந்தார். என் முன்னால் நின்று மூச்சு வாங்கியபடி, “குச்சி வர்லன்னா என்ன புள்ள, நானே வந்துட்டேன்ல” என்றார். திட்டிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

இப்போது தினமும் போனில் முகம் பார்த்துக்கொள்கிறோம். அன்றைக்கு முகமே தெரியாத தூரத்தில் நின்றவர் எவ்வளவு பக்கத்தில் இருந்தார்! ஏங்கித்தான் போகிறேன், இதில் மறைக்க என்ன இருக்கிறது.

கோட்டுகளைத் துணிக்கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் தம்பி புது வாக்கி டாக்கிகளைக் கொண்டுவந்தார். “இனிமே குச்சி வேண்டாங்க்கா. தூக்கி அடுப்புல வெச்சிருங்க” என்றார். தக்காளி வண்டிக்காரர் மறுநாள் அசடு வழியக் கொண்டுவந்து கொடுத்த அதே குச்சி. சரி தம்பி என்று சொல்லிவிட்டு, அதற்குப் புதுச் சிவப்பு டேப் சுற்றிப் பலகைகளுக்குப் பின்னால் செருகி வைத்தேன். என் வீட்டுக்காரர் வந்து பார்க்கட்டும் என்று.

அன்று சாயங்காலம் போனில் கூப்பிட்டார். காய்ந்த அவர் கோட்டைத் தூக்கிக் காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இன்னும் ஒரு வருசம் இருக்கச் சொல்றாங்க புள்ள. நானும் சரின்னுட்டேன். வந்து வூட்டு வேலைய ஒரே மூச்சுல முடிச்சிரலாம்.”

நான் கோட்டை மடிக்கத் தொடங்கினேன்.

“என்ன புள்ள, பேச மாட்டேங்கற?”

“குச்சி வர்லீங்க” என்றேன்.

சிரித்தார். பாதியிலேயே சிரிப்பு நின்றுபோனது. போனைத் தரைப்பக்கம் திருப்பிவிட்டார். வெகுநேரம் எனக்கு அந்த ஊர் மணல்தான் தெரிந்தது. நான் போனைக் கீழே இறக்கவில்லை.