டிரைவருக்குக் கடைசி டீ

வீரசோழன் கடைவீதியில் பஸ் நின்றதும் டீக்கடைக்குள் நுழைகிறேன். துபாயிலிருந்து திரும்பி வந்து கடை போட்ட பாய், பாலில்லாமல் எலுமிச்சையும் புதினாவும் போட்டு சுலைமானி தருகிறார். தேன் நிறம். முதல் மிடற்றிலேயே அருப்புக்கோட்டையிலிருந்து விழுங்கி வந்த புழுதியெல்லாம் தொண்டையை விட்டு இறங்குகிறது.

இரண்டாவது மிடற்றில் பஸ் உறுமுகிறது. என் பை, மாற்றுச் சட்டை, சுகர் மாத்திரை எல்லாம் அதற்குள். கிளாஸோடு பாய்கிறேன். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஓடுவேன் என்று என் முழங்காலுக்கே தெரியாது. பாதி டீயை வேட்டி குடித்துவிடுகிறது.

“எங்கண்ணே ஓடுறீக?” பாய் சிரிக்கிறார். “டிரைவருக்கு நான் இன்னும் டீயே போடல.”

“எஞ்சின் ஓடுதே பாய்!”

“அது என்னைய மெரட்டுறதுக்கு. எறங்குன சனம் குடிச்சு முடிச்சாத்தான் அவுகளுக்கு டீ. முன்னாடியே குடுத்தா பஸ்ஸ எடுத்துட்டுப் போயிருவாக.”

என் கிளாஸை மறுபடி நிரப்புகிறார். டிரைவர் ஜன்னல் வழியே தலையை நீட்டுகிறார். “அண்ணே, வெரசாக் குடிங்க. நாக்கு வறண்டு கெடக்கு.”

ஊதி ஊதி, ரசித்து ரசித்துக் குடிக்கிறேன். என் ஆயுளில் ஒரு பஸ் எனக்காகக் காத்து நிற்பது இதுதான் முதல் முறை.