சங்க ஆபீஸில் குடித்த முதல் டீ

கழுகுமலையில் பஸ் ஏறும்போதே எனக்கு நாக்கு வறண்டுவிடும். கோவில்பட்டியில் இருந்த எங்கள் செங்கொடித் தொழிற்சங்கத்தின் கமிட்டியில் பதினோரு ஆண்கள். பெண்கள் என்றால் நானும், தீப்பெட்டி ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் கட்டையில் தீக்குச்சி அடுக்குகிற இன்னொருத்தியும்தான். கூட்டம் காலையில் தொடங்கினால் பொழுது சாயும்வரை இழுக்கும். மாடியில் இருந்த சங்க ஆபீஸின் பின்பக்கம் கதவில்லாத ஒரு மறைப்பு உண்டு, ஆண்கள் அதில் ஒன்றுக்குப் போவார்கள். அதனால் நாங்கள் இருவரும் விடிந்ததிலிருந்தே பச்சைத் தண்ணீர் தொடமாட்டோம். வருகிற டீயையும் வேண்டாம் என்போம்.

செயலாளர் அதைத் தியாகம் என்று நினைத்துவிட்டார். "பெண் தோழர்களப் பாருங்க, இயக்கத்துக்குச் செலவு வைக்கக் கூடாதுன்னு டீ கூடக் குடிக்க மாட்டாக" என்று பாராட்டுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். போலீஸ் வேனில் ஏறப் பயப்படாதவள், இந்த ஒரு விஷயத்தைச் சொல்லக் கூசினேன். ஊர் சிரிக்குமே என்ற பயம். இரண்டு பேருக்கும் நீர்க்கடுப்பு வந்தது. "இன்னைக்கோட சரிக்கா, இனிமே நான் வரல" என்று அன்றைக்குக் காலையில் பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள் அவள். அவளும் நின்றுவிட்டால் அத்தனை ஆண்கள் நடுவே நான் ஒருத்திதான்.

தொண்ணூறுகளில் ஒரு கோடை அது. முதலாளிகளுக்குக் கொடுக்கவேண்டிய கோரிக்கைகளைச் செயலாளர் வாசித்தார். நாலாவது, தீப்பெட்டி ஆபீஸ்களில் பெண்களுக்குத் தனிக் கழிப்பறை. எல்லோரும் கை தூக்கினார்கள். அந்த நேரம் பார்த்து டீ வந்தது. ஒரு கிளாஸை எடுத்துக் குடித்தேன். இன்னொன்றும் எடுத்தேன்.

"என்ன தோழர், அதிசயமா இருக்கு!"

"டீ வேண்டாம்னு நாங்க என்னைக்குமே நினைச்சதில்ல தோழர். குடிச்சா எங்கன போவோம்? அந்த நாலாவது கோரிக்கைய மொதல்ல இங்கன நிறைவேத்துங்க." குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும். "இப்பம் நான் போகணும். எங்கன போக, சொல்லுங்க."

ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இதையெல்லாம் கடைசியில பேசிக்கிடலாம்" என்று யாரோ முனகினார். செயலாளரின் முகம் கறுத்துவிட்டது. கமிட்டியை விட்டே தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். அவர் பேனாவை மூடிவிட்டு எழுந்தார்.

"எல்லாரும் கீழ இறங்குங்க."

பதினோரு பேரும் போய்த் தெருவில் வெயிலில் நின்றார்கள். என்னோடு வந்தவள் மறைப்பின் முன்னால் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்து கை கழுவினேன். அவர்களை மேலே கூப்பிடலாம் என்று படிப்பக்கம் நடந்தேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். மற்றக் கையில் ஆறிப்போன டீ.

"அவியள இப்பமே கூப்புட்டுராதியக்கா. நானும் குடிச்சிட்டுப் போயிட்டு வந்துருதேன்."