அருவிக்குள் நின்ற அம்மன்

என் வீட்டுக்காரர் தென்காசியில் படம் பிடிக்கும் கடை வைத்திருந்தார். கல்யாணக் கோலத்தையும் காலமானவர்களையும் எடுத்து எடுத்து அலுத்துப்போய், ஒருநாள் அம்மனையே படம் பிடிக்கப்போவதாகச் சொன்னார். அம்மனாக வந்து நிற்க எந்த வீட்டுப் பெண் சம்மதிப்பாள்? கட்டிக்கொண்டு வந்தவள் ஒருத்தி சும்மாதானே கிடக்கிறாள் என்று என்னைக் கூப்பிட்டார்.

சாரல் காலம். குற்றாலத்தில் குளிக்கிற கூட்டம் சேர்வதற்கு முன்னால், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், ஆள் போகாத ஒரு சின்ன அருவிக்குக் கூட்டிப்போனார். சிவப்புச் சேலை, வேப்பிலை மாலை, அவிழ்த்துவிட்ட முடி. குளிரில் பல் கிட்டியது.

"இமைக்காதட்டி. தெய்வம் இமைக்காது" என்று காமிராவை மூடிய கறுப்புத் துணிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

"அப்ப உங்க தெய்வத்தையே கூட்டியாந்து நிறுத்துங்க. எனக்குக் கண்ணு எரியுது" என்றேன்.

காமிராவின் மூடியைத் திறந்து, கொஞ்ச நேரம் விட்டு மூடினார். என்னை விலகச் சொல்லிவிட்டு, வெறும் அருவியைப் பார்த்து அதே கண்ணாடித் தகட்டில் மறுபடி திறந்தார். ரெண்டும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும்; வித்தை அவ்வளவுதான்.

படத்தைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். தண்ணீர் புகையாகியிருந்தது. சேலையின் சிவப்பு கறுப்பாக விழுந்திருந்தது. என் நெஞ்சுக்குள்ளே அருவி கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் கரும்பாறை இருந்ததால் முகம் மட்டும் முழுசாக, கண் கொட்டாமல் என்னைப் பார்த்தது. என் முகம்தான். அதற்கு என்னைத் தெரியவில்லை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. கடை முகப்பில் மாட்டினார். சில நாளிலேயே வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட ஆரம்பித்தார்கள். பூசைக்கென்று பிரதி போட்டு வாங்கிப்போனார்கள். "அருவியில ஆத்தா தெரிஞ்சாளாமே அண்ணாச்சி?" என்று கேட்டால் சிரித்துக்கொள்வார். நான் ஏசினால், "நான் ஒண்ணும் பொய் சொல்லலையே" என்பார்.

என் முகத்தைச் சனம் அடையாளம் கண்டுகொள்ளாமலா இருக்கும்? கண்டுகொண்டார்கள். ஆனால் படத்தில் இருப்பது நான் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. நான்தான் அவள் என்றார்கள்.

அந்த வருஷம் ஊரில் அம்மை கண்டது. என் மகன் பால்குடி; அவனுக்கு இன்னும் அம்மை குத்தவில்லை. அவனைக் காப்பாற்ற வேண்டுமே என்று வாசல்படி தாண்டாமல் இருந்தேன். ஒரு மத்தியானம், வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து ஒருத்தி வேப்பிலைக்குள் பொதிந்த பிள்ளையோடு வண்டியில் வந்து இறங்கினாள்.

"தாயீ, பிள்ளைக்கு முத்து போட்டிருக்கு. நீ ஒருக்கா தொட்டாப் போதும், இறங்கிரும்."

"அக்கா, நான் மனுஷி. படத்துக்கு வேஷம் கட்டி நின்னேன். எனக்கும் உள்ள கைப்பிள்ளை கிடக்கான்."

"ஆத்தா அப்படித்தான் சொல்லி சோதிப்பா" என்று சொல்லிவிட்டு என் காலில் விழுந்தாள்.

முத்து போட்ட பிள்ளையை எங்கள் பக்கம் நோயாளி என்று சொல்லமாட்டார்கள். ஆத்தாளே அந்த உடம்பில் இறங்கியிருக்கிறாள் என்பார்கள். வாசல் தேடி வந்தவளை எப்படி விரட்டுவது? எனக்கும் அந்தப் பயம் உண்டு. பிள்ளையின் முகத்தைப் பார்த்தால் பரிதாபமாகவும் இருந்தது. நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது.

அவள் போனதும் மஞ்சளும் வேப்பிலையும் போட்டுத் தலை முழுகினேன். கட்டியிருந்த சேலையை எரித்தேன். பிறகுதான் என் மகனைத் தூக்கினேன். ஆனாலும் ரெண்டு வாரத்துக்குள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. அப்புறம் முகத்தில் முத்து.

விளக்கு வைக்கும் நேரத்தில் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தேன். கடையிலிருந்த படம் எங்கள் வீட்டுச் சுவருக்கு வந்திருந்தது. அதன் முன்னால் என் வீட்டுக்காரர் கைகூப்பி நின்றார். மூடியைத் திறந்து மூடிய அதே கை.

"ஆத்தா, எம்பிள்ளைய விட்டிரு. தெரியாம செஞ்சிட்டேன், விட்டிரு தாயீ."

"ஏங்க, அது நானுங்க" என்றேன்.

திரும்பினார். படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அந்த வாசுதேவநல்லூர்க்காரி விழுந்த மாதிரியே என் காலில் விழுந்தார்.

தோளில் பிள்ளை அனலாகக் கொதித்தான். அவர்கள் எல்லோருக்கும் கும்பிட என் முகம் இருந்தது. நான் யாரிடம் போய்க் கேட்பேன்?